எலிதான், படுங்கோ

“என்ன எலி அக்கா?” என்று கடைக்காரர் கேட்டார்.

றஞ்சனிக்குக் கேள்வி விளங்கவில்லை. எலி என்றால் எலிதானே என்று நினைத்தாள்.

யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் பின்னாலிருக்கிற சின்ன இரும்புச் சாமான் கடை அது. கடைக்காரர் செல்வரத்தினம் அவசரமில்லாத மனிதர். மேசையிலிருந்த ஆணிப் பெட்டியை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மறுபடி கேட்டார்.

“சுண்டெலியோ, அகழானோ? சுண்டெலிக்கு இந்தப் பலகைப் பொறி காணும். அகழான் எண்டால் பெருத்த எலி, பொறியையும் இழுத்துக்கொண்டு போயிடும். நீங்கள் கண்டனீங்களோ?”

“காணேல்லை. சத்தம் மட்டும்தான்.”

“எச்சம் கிடக்கோ?”

“இல்லை.”

“அரிசிச் சாக்கு, சவுக்காரம், துணிமணி ஏதும் அரிச்சிருக்கோ?”

“இல்லை.”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்துச் சிரித்தார். “இருபத்தாறு வருசமாய்ப் பொறி விக்கிறன். எச்சம் போடாத, ஒண்டும் அரிக்காத எலியை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்.”

றஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை. காதோரம் வியர்த்தது.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். பலகைப் பொறி, கழுத்தில் அடித்துக் கொன்றுவிடும். மருந்துக் கட்டி, தின்றுவிட்டு எங்கேயாவது இடுக்கில் போய்ச் செத்து வீடே நாறும். ஒட்டு மட்டை, கால் ஒட்டிக்கொண்டால் பிறகு அசைய ஏலாது, ஆனால் விடியும்வரை கத்திக்கொண்டிருக்கும். கடைசியாகக் கம்பிக் கூடு.

“உயிரோடை பிடிக்கிறது இதுதானே?” என்று றஞ்சனி கூட்டைத் தொட்டாள்.

“ஓம். உள்ளுக்கை கொழுக்கியிலை தேங்காய்ச் சொட்டோ கருவாடோ குத்திவிடுங்கோ. இழுத்தால் கதவு விழும். முழு எலியையும் கண்ணாலை காணலாம்.” கூட்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “கன பேர் கொல்லுற பொறிதான் கேப்பினம். உங்களுக்கு இளகின மனம் அக்கா.”

றஞ்சனி வாசல் பக்கம் பார்த்தாள். தன்னை நல்லவள் என்று ஆர் சொன்னாலும் இந்த மூன்று கிழமையாக அவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. இரண்டு ஒட்டு மட்டைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அவளுடைய பையில் ஏற்கெனவே ஒரு பொதி இருந்தது. அச்சகத்தில் எடுத்த நூற்றைம்பது நினைவு அட்டைகள். மேலே சிலுவை, நடுவில் மச்சாள் மாக்கிறேற்றின் படம், கீழே முப்பத்தோராம் நாள் திருப்பலி நடக்கும் நேரம். குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் படகு ஏறும்போது சோளகக் காற்று எழும்பியிருந்தது. கடல் தண்ணீர் முகத்தில் அடித்தது. அட்டைகள் நனையாமல் இருக்க எலிக்கூட்டை அவற்றின் மேல் வைத்து, பையை மடியில் அணைத்துக்கொண்டு நெடுந்தீவு வந்து சேர்ந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி மேரிஜோசப்பின், எல்லாருக்கும் சோசப்பின் அக்கா, றஞ்சனி வீட்டுப் பின்வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய கிணறு உப்பு. தனியாக இருக்கிற மனுசி. காலையும் மத்தியானமும் வாளியோடு இங்கேதான் வருவாள். மாக்கிறேற்றின் அறை யன்னல் கிணற்றுக் கட்டுக்கு நேர் மேலே இருந்தது. கொஞ்ச நாளாக அந்த யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சோசப்பின் அக்கா தண்ணீர் அள்ளினாள்.

“அட்டை அடிச்சிட்டியே பிள்ளை? காட்டு பாப்பம்.” படத்தைப் பார்த்தவளின் கண் கலங்கியது. “மூண்டரை வருசம் கையிலை தாங்கினாய். பெத்த பிள்ளையும் அப்பிடிப் பாக்காது. ஊரே சொல்லுது.”

றஞ்சனி அட்டையைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

ஊர் சொன்னது பொய்யுமில்லை. மாக்கிறேற் அவளுடைய புருசன் பத்திநாதனின் தமக்கை. பத்திநாதனுக்கு ஆறு வயதில் தாய் தவறிவிட, கருவாடு காயப்போட்டு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கலியாணம் கட்டவில்லை. பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் வாயும் விழுந்துபோனபோது பத்திநாதன் வீட்டின் சாலை அறையை மறித்து, பழைய வள்ளத்துப் பலகைகளால் ஒரு சுவர் அடித்து, தமக்கைக்கு ஒரு அறை செய்தான். சுவரின் இந்தப் பக்கம் புருசனும் பெண்சாதியும், அந்தப் பக்கம் மாக்கிறேற். பேச ஏலாதவள், ஏதும் தேவையென்றால் சரியாயிருக்கிற இடக்கையால் பலகையைப் பிறாண்டுவாள். மூன்று தரம் பிறாண்டிவிட்டுக் கொஞ்சம் பொறுப்பாள். பிறகும் மூன்று தரம்.

அந்தச் சத்தத்துக்கு றஞ்சனி எத்தனை ஆயிரம் தரம் எழும்பியிருப்பாள்! கழுவினாள், துடைத்தாள், கஞ்சி பருக்கினாள், முதுகில் புண் வராமல் எண்ணெய் பூசிப் புரட்டிப் படுக்க வைத்தாள். சாமத்திலும் எழும்பினாள்.

ஒரு நாள் எழும்பவில்லை.

அது ஒரு மத்தியானம். பத்திநாதன் விடியக் கரைக்கு வந்து, வலையில் நண்டு கழற்றி முடித்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தான். றஞ்சனியும் ஒரு பத்து நிமிடம் சாய்வோம் என்று பக்கத்தில் பாயைப் போட்டாள். காலையிலிருந்து மச்சாள் ஐந்து தரம் கூப்பிட்டுவிட்டாள். ஐந்து தரமும் தலையணையைத் திருப்பிப் போடத்தான்.

கண் மூடியதும் சத்தம் வந்தது.

மூன்று தரம். பிறகு மூன்று தரம்.

அவள் அசையவில்லை. பத்திநாதன் பக்கத்தில் புரண்டு, “என்ன சத்தம்?” என்றான்.

“எலிதான், படுங்கோ.”

அப்படி ஒரு வார்த்தை தன் வாயில் எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. பத்திநாதன் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான். சத்தம் அரை மணித்தியாலம் வரை கேட்டது. பொறுத்துப் பொறுத்துக் கேட்டது, பிறகு பொறுக்காமல் கேட்டது. பிறகு நின்றது.

நின்றதும் றஞ்சனி “அப்பாடா” என்று நினைத்தாள். நிம்மதியாக நித்திரை கொண்டாள்.

நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு போனபோது மாக்கிறேற்றின் கை பலகையில் சாய்ந்தபடி விறைத்திருந்தது. இரண்டு விரலில் நகம் பிய்ந்திருந்தது. கண் கதவைப் பார்த்தபடி.

ஆசுப்பத்திரியில் டொக்டர், “கடைசியாய் எத்தினை மணிக்குப் பாத்தனீங்கள்?” என்று கேட்டார்.

“மூண்டு மணிக்கு. நல்ல நித்திரை.”

பத்திநாதன் பக்கத்தில் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. அடக்கப் பூசையில் சுவாமியார், நோயாளிக்கு ஊழியம் செய்வது எப்படி என்று இந்தப் பெண்ணைப் பார்த்துப் படியுங்கள் என்று சொன்னார். கோயில் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் குனிந்து அழுதாள். அழுகையைக் கண்டு சனம் இன்னும் அவளை மெச்சியது.

ஒன்பதாம் நாள், சொந்தக்காரர் எல்லாம் போய் வீடு வெறுமையான அன்று, மத்தியானம் இரண்டு மணி கழிய, பலகைக்கு அந்தப் பக்கம் மறுபடி பிறாண்டல் கேட்டது.

பத்திநாதன் கண்ணைத் திறக்காமலே சொன்னான். “எலி கூடிப்போச்சு. ஒரு பொறி வாங்க வேணும்.”

அதுதான் றஞ்சனி யாழ்ப்பாணம் போன காரணம். கொல்வது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. கண்ணால் காண வேண்டும். வால், மீசை, நாலு காலோடு ஒரு எலி அந்த அறையில் இருக்கிறது என்று கண்டுவிட்டால், அன்றைக்குக் கேட்டதும் எலியாக இருந்திருக்கலாம். அவள் சொன்னது பொய்யில்லாமல் போய்விடும்.

அடுத்த நாள் மத்தியானம் கூட்டுக்குள் சுட்ட கருவாட்டுத் துண்டைக் குத்தி, மாக்கிறேற்றின் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். அறை பூட்டியபடி கிடந்தாலும் அந்த வாத எண்ணெய் மணம் போகவில்லை. யன்னலால் வெயில் வெள்ளையாய் விழுந்தது. மெத்தையில்லாத கட்டிலில் தலையணை மட்டும் இருந்தது. அதை எறிய அவளுக்கு மனம் வரவில்லை.

இரண்டு மணி கழிந்தது. சோளகம் கூரை ஓடுகளைத் தட்டிப்போட்டுப் போனது. பத்திநாதன் நேராகப் படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறாண்டல் தொடங்கியது.

கூட்டுக் கதவு விழும் சத்தம் வரும் என்று றஞ்சனி காத்திருந்தாள்.

வரவில்லை.

அரை மணித்தியாலம் கழிந்து சத்தம் அடங்கிய பிறகு போய்ப் பார்த்தாள். கூடு திறந்தபடி. கருவாடு வைத்த மாதிரியே. எறும்புகூட மொய்க்கவில்லை.

“பிடிபட்டதோ?” என்று பத்திநாதன் மற்றப் பக்கத்திலிருந்து கேட்டான்.

“இல்லை.”

“மற்றதை வைச்சுப் பார். ஒட்டிறதை.”

அவன் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. றஞ்சனி அதை அப்போது கவனிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் ஒட்டு மட்டையைச் சுவரோரமாய் வைத்தாள். பிறகு, எலி தரையில்தான் ஓடும் என்று என்ன நிச்சயம் என்று நினைத்து, இரண்டாவது மட்டையைக் கட்டிலுக்கு மேலே, பலகையில், சத்தம் வருகிற இடத்திலேயே ஆணியடித்துத் தொங்கவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தாள்.

அன்று பிறாண்டல் வேறு மாதிரி இருந்தது. ஈரமாக. இழுபட்டு, ஒட்டி, விடுபடுகிற சத்தம்.

ஸ்ர்ர்க்.

ஸ்ர்ர்க்.

ஸ்ர்ர்க்.

பத்திநாதன் துவாயை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையில் சுற்றிக்கொண்டான்.

அடங்கியதும் றஞ்சனி தனியாகப் போனாள். கீழே வைத்த மட்டை சுத்தமாயிருந்தது. மேலே தொங்கின மட்டையில் நாலு கோடு, பக்கத்துப் பக்கத்தில், மேலிருந்து கீழே. ஒட்டுப்பசை வழிக்கப்பட்டு அடி மட்டை தெரிந்தது. ஒரு கோட்டின் முடிவில் வெள்ளையாய், பிறை மாதிரி, ஒரு துண்டு நகம்.

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை. ஆரும் காணக்கூடாது என்றுதான் தோன்றியது. மட்டையைப் பழந்துணியில் சுற்றி மறைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்ப் பனையோலையைப் போட்டு எரித்தாள். பசை எரிகிற நாற்றம் கல்வேலிக்கு மேலால் போனது. சோசப்பின் அக்கா தன் வளவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன பிள்ளை எரிக்கிறாய்?”

“குப்பை அக்கா.”

அன்றிரவு பத்திநாதன் கடலுக்குப் போன பிறகு அவள் செபமாலையை எடுத்தாள். மூன்றாவது மணியில் நின்றுபோனாள். அருள் நிறைந்த மரியாயை எந்த வாயால் கூப்பிடுவது? “எலிதான், படுங்கோ” என்ற வாய்தானே இது. செபமாலையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு அந்த இரவு முழுக்க அவள் யோசித்தது ஒன்றைத்தான். எலி இல்லையென்றால், எலியைக் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் பொழுதுபடும்போது கூட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு கடற்கரை வாடிக்குப் போனாள். வலையும் கருவாட்டுக் கடகமும் கிடக்கிற அந்த ஓலைக் கொட்டிலில் எலிக்குக் குறைவில்லை. மூலையில் வைத்துவிட்டு வந்தாள். விடியப் போய்ப் பார்க்க, கூட்டுக்குள் ஒரு நல்ல பருத்த எலி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. மறுபடி துணியால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்து குசினிக்குள் விறகுக்குப் பின்னால் ஒளித்தாள். மத்தியானம் பத்திநாதன் கை கழுவப் போன நேரம் பார்த்து மாக்கிறேற்றின் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

நாற்பத்தெட்டு வயதில், கட்டின புருசனை ஏமாற்ற, ஒரு எலியை ஒளித்துத் திரிகிறேனே என்று அவளுக்குக் கூசியது. ஆனாலும் சத்தமாய்க் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ! பிடிபட்டிட்டுது!”

பத்திநாதன் ஈரக் கையோடு ஓடிவந்தான். கூட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். அவன் முகம் விரிந்தது. அடக்கத்துக்குப் பிறகு அவன் சிரித்து அவள் கண்டது அன்றுதான். சின்னப் பிள்ளையின் சிரிப்பு.

“எலி! எலிதான் றஞ்சி! நான் சொன்னனான்தானே!” கூட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். “சோசப்பின் அக்கா, இஞ்ச வந்து பாருங்கோ!”

வாளியோடு நின்ற சோசப்பின் அக்கா குனிந்து குனிந்து பார்த்தாள். “எலிதான்,” என்றாள். பிறகும், தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி, “எலியேதான். வேறை என்ன?” என்றாள். அவள் கண்ணிலும் அதே சந்தோசம். றஞ்சனிக்கு அது விசித்திரமாய்ப் பட்டது. இவளுக்கென்ன இதில் இவ்வளவு ஆறுதல்?

பத்திநாதன் பெரிய வாளி நிறையத் தண்ணீர் அள்ளிக் கூட்டை அதற்குள் அமுக்கினான். எலி கம்பியைப் பிறாண்டியது. தண்ணீருக்குள்ளும் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் வேகமாக. பிறகு விட்டு விட்டு. கூடு ஆடுவது நின்றது. கடைசிக் குமிழி மேலே வந்து உடைந்தது.

சத்தம் நிற்கவில்லை.

மூன்று தரம்.

தலைக்கு மேலே, யன்னலுக்குள்ளிருந்து, மூன்று தரம்.

நல்ல வெயில். கிணற்றுக் கட்டில் ஒரு காகம் இருந்தது. காகமும் தலையைச் சரித்து யன்னலைப் பார்த்தது.

சோசப்பின் அக்காவின் முகம் வெளிறிப்போனது. “அடுப்பிலை... அடுப்பிலை சோறு கிடக்கு,” என்று சொல்லிக்கொண்டு வாளியையும் விட்டுவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து போய்விட்டாள்.

பத்திநாதன் இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க அப்படியே குந்தியிருந்தான். அவன் தோள் குலுங்கியது.

“றஞ்சி, அது அக்கா.”

“இல்லை, இன்னொரு எலி...”

“எனக்கு அண்டைக்கே தெரியும்.” அவன் நிமிரவில்லை. “நீ எலி எண்டு சொல்லேக்கை எனக்குத் தெரியும், அது அக்கா கூப்பிடுறா எண்டு. பன்ரண்டு பாக ஆழக் கடலிலை நிண்டாலும் எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எழும்பப் பஞ்சி, அலுப்பு. நீ எலி எண்டு சொன்னது எனக்கு வசதியாய்ப் போச்சு. பழி உன்னோடை போகும் எண்டு திரும்பிப் படுத்தனான்.”

றஞ்சனி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினாள். “அந்த எலியை நான் வாடியிலை பிடிச்சனான்,” என்றாள்.

“தெரியும். அதின்ர முதுகிலை கருவாட்டுச் செதில்.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருசம் ஒரே பாயில் படுத்தவர்கள், பிறத்தியார் மாதிரி, அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே பிறாண்டல் பொறுத்துப் பொறுத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

பத்திநாதன்தான் முதலில் எழும்பினான். “வா,” என்றான்.

அறைக் கதவைத் திறந்தபோது வாத எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது, இப்போதுதான் ஆரோ பூசிவிட்டுக் கை கழுவப் போன மாதிரி. கட்டிலில் ஒருவரும் இல்லை. யன்னல் வெயில் பலகைச் சுவரில் நேராக விழுந்து கிடந்தது.

அந்த வெளிச்சத்தில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பலகையில் புதுக் கோடு விழுந்தது.

ஒரு கையும் இல்லை. கோடு மட்டும் விழுந்தது.

மரத்தூள் கட்டிலில் உதிர்ந்தது.

பத்திநாதன் கட்டிலடியில் முழந்தாளில் விழுந்தான். “அக்கா,” என்று கிசுகிசுத்தான். “வந்திட்டன் அக்கா. நாங்கள் வந்திட்டம்.”

சத்தம் நின்றது.

அந்த அமைதி சத்தத்தைவிடப் பயங்கரமாய் இருந்தது. ஏதோ ஒன்று காத்திருக்கிற அமைதி. என்ன வேண்டும் என்று றஞ்சனிக்குத் தெரியும். மூன்றரை வருசம் செய்த வேலை, கை தானாகப் போனது. தலையணையைத் தூக்கித் திருப்பிப் போட்டாள்.

அடிப்பக்கம் நனைந்திருந்தது. ஒரு கன்னத்தின் அளவுக்கு. தொட்டாள்.

சூடாயிருந்தது.

முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து சனம் வீட்டுக்கு வந்தது. முற்றத்தில் கதிரை போட்டுச் சாப்பாடு. சுவாமியார் சாப்பாட்டை மந்திரித்துவிட்டு, இரண்டு வார்த்தை பேச எழும்பினார். மாக்கிறேற்றின் பொறுமையைச் சொன்னார். பிறகு றஞ்சனி பக்கம் திரும்பி, “இந்த மகள் செய்த தொண்டு...” என்று தொடங்கினார்.

“சுவாமி, வேண்டாம்,” என்றாள் றஞ்சனி.

அவள் பரிமாறிக்கொண்டு நின்ற அகப்பையோடே முன்னுக்கு வந்தாள். நூறு கண் அவளைப் பார்த்தன.

“மச்சாள் சாகிற அண்டைக்கு என்னைக் கூப்பிட்டவ. அரை மணித்தியாலமாய்க் கூப்பிட்டவ. எனக்குக் கேட்டது. நான் எழும்பேல்லை. எலி எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தனான்.”

சுவாமியார் மெல்ல, “துக்கத்திலை அப்பிடித்தான் மனம் தன்னையே குத்தும் பிள்ளை...” என்றார்.

“துக்கமில்லை சுவாமி. எனக்குக் கேட்டது. டொக்டருக்கும் பொய் சொன்னனான்.”

வேலியோரத்தில் நின்ற பத்திநாதன், “எனக்கும் கேட்டது,” என்றான். தமக்கையின் படத்துக்கு முன்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான்.

ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஆரோ ஒருவர் சோற்றுக் கோப்பையை மெதுவாய் நிலத்தில் வைத்தார். பிறகு கதிரைகள் ஒவ்வொன்றாய்ப் பின்னுக்கு நகர்ந்தன. பாதிச் சோற்றோடு சனம் எழும்பி, “வாறம்” என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு போனது. எல்லாருக்கும் முதல் போனவள் சோசப்பின் அக்கா. அவள் எப்போது எழும்பினாள் என்றே றஞ்சனி காணவில்லை. கை கழுவாமலே போயிருந்தாள்.

அதற்குப் பிறகு சந்தையில் ஒருவரும் றஞ்சனியை மெச்சவில்லை. கடைக்குப் போனால் கதை நின்றது. அவள் அதைத் தாங்கிக்கொண்டாள். மெச்சியதைத் தாங்கியதைவிட இது லேசு. மத்தியானங்களில் பலகைச் சுவர் பேசாமல் இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். வாத எண்ணெய் மணமும் போய்விட்டது. பத்திநாதன் நித்திரையில் குறட்டை விட்டான். முடிந்தது, மச்சாள் மன்னித்துவிட்டாள் என்று றஞ்சனி நினைத்தாள்.

நாலாம் நாள் இரண்டு மணி போல வேலிப் பொட்டடியில் நிழலாடியது. சோசப்பின் அக்கா. வாளி இல்லை. நாலு நாளாய் அவள் தண்ணீருக்கு வரவுமில்லை. கண் குழிவிழுந்து, தலை சீவி இழுக்காமல், ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி இருந்தாள்.

“பிள்ளை,” என்றாள். “உன்ரை அந்த எலிக்கூட்டை ஒருக்காத் தாறியே?”

றஞ்சனி எழும்பி நின்றாள்.

“எங்கட வீட்டிலையும் ஒண்டு வந்திட்டுது. கட்டிலடியிலை பிறாண்டுது. எலிதான்.”

“எப்ப இருந்து அக்கா?”

“திருப்பலிக்கு அடுத்த நாளிலை இருந்து. மத்தியானத்திலைதான். எலிதான் பிள்ளை.”

சோளகம் ஒருக்கா வீசி ஓய்ந்தது. றஞ்சனி அவள் முகத்தை நேரே பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். கிணற்றுக்கு மேலே இருந்த யன்னலைப் பார்த்தாள். மத்தியானமும் தண்ணீருக்கு வருகிறவள்.

“அக்கா,” என்று மெதுவாய்க் கேட்டாள். “அண்டைக்கு நீங்கள் இஞ்சை தண்ணி அள்ள வந்தனீங்களோ?”

சோசப்பின் அக்கா யன்னலுக்கு முதுகைத் திருப்பினாள். “நீங்கள் உள்ளுக்கை இருக்கிறியள் எண்டுதான்...” என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. “கூட்டைத் தா பிள்ளை,” என்றாள். “உனக்குப் புண்ணியம்.”

றஞ்சனி குசினிக்குப் போய்க் கூட்டை எடுத்துவந்தாள். அது பயன்படாது என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் கேட்கிற முகம் இல்லை அது. ஒரு துண்டு தேங்காய்ச் சொட்டையும் சேர்த்துக் கையில் கொடுத்தாள்.

சோசப்பின் அக்கா வாங்கிக்கொண்டு திரும்பினாள். வேலிப் பொட்டைத் தாண்டி நாலு அடி வைத்திருப்பாள். நின்றுவிட்டாள்.

பூட்டிக் கிடந்த அவள் வீட்டுக்குள்ளிருந்து மூன்று தரம் கேட்டது. முற்றம் தாண்டி, வேலி தாண்டி, றஞ்சனிக்கே தெளிவாய்க் கேட்டது.

சோசப்பின் அக்கா முன்னுக்கும் போகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஒன்றும் கேளாதவள் மாதிரி, கொதிக்கிற வெயிலில் நின்றபடியே, கூட்டுக்குள் தேங்காய்ச் சொட்டைக் குத்திக்கொண்டிருந்தாள்.